மூத்தோரின் ரெகே, சோல் கச்சேரி: சீட்டு வாங்குவதிலிருந்து கடைசி ரயில் வரை

எழுபதைத் தாண்டிய ஒரு பாடகர் மேடையேறும்போது, அரங்கில் பாதிப் பேர் இசைத்தட்டில் கேட்ட இருபத்தைந்து வயதுக் குரலுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் குரல் வராது. அதையே நினைத்துப் போகிறவருக்கு மூன்றாம் பாட்டிலேயே மனம் சோர்ந்துவிடும். ஜமைக்காவின் ரெகேயிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோலிலும் பாட்டைத் தாங்கிப் பிடிப்பது பேஸ் கிட்டாரும் டிரம்ஸும். நாற்பது ஐம்பது வருடம் சேர்ந்து வாசித்தவர்களிடம் அந்தப் பிடிப்பு தளர்வதில்லை, இறுகத்தான் செய்கிறது. அதனால் சீட்டு வாங்குவதிலிருந்து இருக்கை தேர்வது வரை எல்லா முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுக்கலாம்: பேஸும் டிரம்ஸும் யார் கையில், அவை என் காதுக்குச் சரியாக வந்து சேருமா?

பெயர் ஒன்று, குழு எத்தனை?

பழைய குழுக்களின் பெயருக்கு உரிமை கொண்டாடுவோர் பலர். யூபி40 இதற்கு நல்ல உதாரணம். 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தொடங்கிய ரெகே குழு. முதன்மைப் பாடகர் அலி கேம்பல் 2008இல் விலகினார். அதன்பின் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவும், வெறும் யூபி40 என்றே ஒரு குழுவும் தனித்தனியாக மேடையேறத் தொடங்கின. உங்களுக்குப் பழகிய குரல் முதலாவதில் இருக்கிறது. அந்தப் பாடல்களுக்கு வாசித்த பழைய கைகள் சில இரண்டாவதில் இருக்கின்றன. எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

பாப் மார்லியின் ரெகே குழுவான வெய்லர்ஸ் கதை வேறு. மார்லி 1981இல் மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்த ஆஸ்டன் ‘ஃபேமிலி மேன்’ பேரட் 2024இல் காலமானார். அவருடைய மகன் ஆஸ்டன் பேரட் ஜூனியர் குழுவை எடுத்து நடத்துகிறார். நாதஸ்வரமும் தவிலும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வாரிசுக் குழு என்பதாலேயே மட்டமாக எடைபோட வேண்டாம். சோல் பக்கம் ஃபோர் டாப்ஸின் தொடக்ககால நால்வரில் கடைசியாக இருந்த டியூக் ஃபகிரும் 2024இல் காலமானார். டெம்ப்டேஷன்ஸில் தொடக்க காலத்திலிருந்து தொடர்ந்து நின்றவர் ஓடிஸ் வில்லியம்ஸ் ஒருவர்தான்.

ஆகவே சீட்டுப் பக்கத்தைத் திறக்கும் முன் அரை மணி நேரம் செலவழித்து மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், விளம்பரத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘ட்ரிபியூட்’, ‘எக்ஸ்பீரியன்ஸ்’, ‘தி மியூசிக் ஆஃப்’ என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அசல் ஆட்கள் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ‘ஃபீச்சரிங்’ என்றால் ஒருவர் வருகிறார், மற்றவர்கள் அமர்த்தப்பட்டவர்கள். இரண்டாவது, செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் அந்தக் குழுவின் கடைசி நான்கைந்து நிகழ்ச்சிகளைப் பாருங்கள். எத்தனை பாட்டு, எந்த வரிசை என்று தெரிந்துவிடும். மூத்த கலைஞர்கள் ஒரு பயணம் முழுவதும் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் பாடுவார்கள். மூன்றாவது, யூடியூபில் கடந்த சில மாதங்களில் ரசிகர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளி இரண்டு பாருங்கள். பழைய டிவிடி காட்சி வேண்டாம். ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கைப்பேசியின் மைக்கில் பேஸ் சரியாக ஏறாது. மேடையில் நிற்பவர்களை எண்ணுங்கள். டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, பின்பாட்டுக்காரர்கள், ஊதுவாத்தியம். டிரம்பெட் சத்தம் கேட்கிறது, ஊதுகிறவர் கண்ணில் படவில்லை என்றால் அது கீபோர்டிலிருந்தோ பதிவிலிருந்தோ வருகிறது. ஊதுவாத்தியத்துக்கு இரண்டு மூன்று பேராவது வராத சோல் கச்சேரிக்கு உயர்விலைச் சீட்டு எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

சீட்டு

சிங்கப்பூரில் பெரும்பாலான சீட்டுகள் சிஸ்டிக், டிக்கெட்மாஸ்டர் வழியாகத்தான் வருகின்றன. போட்டிருக்கும் விலைக்கு மேல் முன்பதிவுக் கட்டணம் சேரும். நான்கு பேர் போவதென்றால் அதையும் பெருக்கிப் பாருங்கள். கே-பாப் கச்சேரி மாதிரி விற்பனை தொடங்கிய நிமிடமே அடித்துப் பிடிக்க வேண்டிய அவசியம் இங்கே பெரும்பாலும் இல்லை. ஆனால் நடு வரிசை இருக்கைகள் முதலில் போய்விடும் என்பதால் முதல் நாளே வாங்குவது நல்லது.

கலைஞர் மூத்தவர் என்றால் உடல்நிலை காரணமாகத் தேதி மாறுவது சகஜம். வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சலை நிகழ்ச்சி நாள் வரை கவனியுங்கள். தள்ளிவைத்தால் பணம் திரும்புமா, சீட்டு புதுத் தேதிக்குச் செல்லுமா என்பதை வாங்கும்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தாவதும் தள்ளிப்போவதும் விதிமுறையில் இரண்டு வேறு விஷயங்கள்.

2025இல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குக் கிடைத்த 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கானது. வெளிநாட்டு நட்சத்திரக் கச்சேரிக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தெரியாத ஆளிடம் இணையத்தில் கைமாறும் சீட்டை வாங்கவே வாங்காதீர்கள். சீட்டின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிட்டு அதையே பத்துப் பேருக்கு விற்பது பழைய வித்தை. சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

எங்கே உட்காருவது

பணம் அதிகம் கொடுத்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர்தான் பல நேரங்களில் மோசமான ஒலியைக் கேட்கிறார். பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்குகின்றன. அவற்றின் ஒலி முதல் சில வரிசைகளின் தலைக்கு மேலே போய்விடும். அங்கே உட்கார்ந்தவர் காதில் விழுவது மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸும் கிட்டார் பெட்டியும், மேடை விளிம்பில் வைத்த சின்ன ஸ்பீக்கரில் வரும் மெலிந்த குரலும்தான். பாடகரின் முகத்தை அருகில் பார்க்க வேண்டும் என்றால் அங்கே போங்கள். பாட்டைக் கேட்க வேண்டும் என்றால் ஒலிக்கலவை மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த மேசையில் இருப்பவர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படித்தான் ஒலியை அமைக்கிறார். அவருக்கு முன்னால் நாலைந்து வரிசைக்குள் இருந்தால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள்.

பேஸுக்குத் தனிக் கணக்கு உண்டு. மேடையின் இடமும் வலமும் தரையில் பேஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தால், இரண்டின் ஒலியும் அரங்கின் நட்டநடுக் கோட்டில் ஒன்றாகச் சேர்ந்து வீங்கும். பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் போனால் சில சுரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ரெகேயில் இது உடனே தெரியும்: பேஸ் வரியில் ஒரு சுரம் இடி மாதிரியும் அடுத்தது ஊமையாகவும் இருக்கும். நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று இருக்கை தள்ளி எடுங்கள். ஓர இருக்கைகளைத் தவிருங்கள். சுவரை ஒட்டியும் மூலையிலும் பேஸ் குவிந்து குழம்பும். மேல்மாடத்தின் அடியில் உள்ள பின்வரிசைகளில் கூரை தாழ்ந்திருப்பதால் டிரம்ஸின் கூர்மை மழுங்கி, அடிச்சத்தம் மட்டும் உருண்டுகொண்டிருக்கும். அந்த வரிசைக்குக் கொடுக்கும் விலைக்கு மேல்மாடத்தின் முன்வரிசை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

இனி அரங்குகள். 2002இல் திறந்த எஸ்பிளனேடின் கச்சேரி மண்டபத்தில் ஏறத்தாழ 1,600 பேர் உட்காரலாம். மைக் இல்லாத இசைக்குழுவுக்காகக் கட்டியது. ஒலி நீடித்து நிற்பதற்கென்றே சுவருக்குப் பின்னால் அறைகள் உண்டு. மின்னொலிக் கச்சேரி என்றால் அந்த நீடிப்பைக் குறைக்கத் திரைகளை இறக்கிவிடுவார்கள். அப்படியும் வேகமான பேஸ் வரி கொஞ்சம் பூசினாற்போலத்தான் கேட்கும். மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் விற்பனைக்கு வந்தால், மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஸ்பீக்கரின் முதுகுதான் உங்களைப் பார்க்கும். பேஸ் எல்லாத் திசையிலும் பரவுவதால் அது மட்டும் வந்து சேரும், பாட்டின் சொல் வராது. பக்கத்திலேயே உள்ள எஸ்பிளனேட் தியேட்டர் சுமார் 2,000 இருக்கை. எதிரொலி குறைவு, ரெகேவுக்கு இதுவே தோது. 2022இல் திறந்த 550 இருக்கை சிங்டெல் வாட்டர்ஃபிரன்ட் தியேட்டரில் மோசமான இருக்கை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

புவன விஸ்தாவின் ஸ்டார் தியேட்டரில் 5,000 இருக்கை. கீழ்த்தளத்தின் நடுப்பகுதி நன்றாக இருக்கும். உச்சிமாடத்தில் பாடகர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். 1989இல் திறந்த 12,000 பேர் கொள்ளும் சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கில் நுட்பத்தை எதிர்பார்க்காதீர்கள். பெரிய ஊதுவாத்தியக் குழுவோடு வரும் ஃபங்க், சோல் கொண்டாட்டம் அங்கே எடுபடும். மென்குரல் நால்வர் குழு எடுபடாது.

ரெகேயைக் கேட்பது

ஆதி தாளம் போடுகிறவர் கை சமத்தில் தட்டும். ரெகேயின் ‘ஒன் டிராப்’ முறையில் அந்த இடம்தான் காலி. மெதுவாக நான்கு எண்ணுங்கள். ஒன்றில் டிரம்ஸின் பெரிய அடி எதுவும் விழாது. இரண்டில் கிட்டார் ‘சக்’ என்று வெட்டும். மூன்றில் கால் டிரம்மும் ‘ஸ்னேர்’ என்ற சிறிய டிரம்மின் விளிம்பும் ஒன்றாக விழும். நான்கில் கிட்டார் மறுபடி வெட்டும். இதற்குள் ஆர்கன் இடது வலது கைகளை மாற்றி மாற்றிக் கொதிக்கும் நீர்போலக் குமிழியிடும். பேஸும் பல பாடல்களில் முதல் இடத்தை விட்டுவிட்டு உள்ளே வரும். சமம் தள்ளி, அரை இடம் விட்டு எடுக்கும் கீர்த்தனை பழகிய காதுக்கு இது பிடிபடப் பத்து நிமிடம் போதும். பிடிபடாவிட்டால் குரலை விட்டுவிட்டு கால் டிரம்மை மட்டும் இரண்டு பாட்டுக்குத் தொடருங்கள். நான்கு எண்ணிக்கையிலும் கால் டிரம் விழுந்தால் அது ‘ஸ்டெப்பர்ஸ்’. அங்கே கூட்டம் எழுந்து நடக்க ஆரம்பிக்கும்.

பாட்டின் நடுவில் திடீரென்று கிட்டாரும் ஆர்கனும் நின்று, டிரம்ஸும் பேஸும் மட்டும் தனியாக நடக்கும். ஒரு அடி மட்டும் எதிரொலித்து எதிரொலித்துத் தேயும். ஒலிப்பெட்டி கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். இதுதான் ‘டப்’. கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள் 1970களில் கலவை மேசையையே வாத்தியமாக்கி உருவாக்கிய வழக்கம். அந்த நேரம் மேடையைப் பார்க்க வேண்டாம். திரும்பி மேசையில் இருப்பவரின் விரல்களைப் பாருங்கள். தெரிந்த பாட்டின் தாளத்தில் வேறொரு பாட்டு வந்தாலும் குழம்பாதீர்கள். ஜமைக்காவில் ஒரே ‘ரிடிம்’ மேல் பல பாடகர்கள் தத்தம் பாட்டை ஏற்றுவார்கள். ஒரே காவடிச்சிந்து மெட்டில் பல ஊர்ப் பாட்டு இருப்பது போலத்தான்.

ரெகே வரிகளில் அடிக்கடி காதில் விழும் ‘கஞ்சா’ என்ற சொல், 1845இலிருந்து ஜமைக்காவுக்குக் கப்பலேறிய இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு போய்ச் சேர்ந்தது. சொல்லோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். இங்கே போதைப்பொருள் சட்டம் எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் குற்றம்தான். மின்சிகரெட்டும் தடை. சிவப்பு, தங்கம், பச்சை உடுத்திப் போவதில் தவறில்லை. சடைமுடி விக் மட்டும் வேண்டாம். ஜமைக்காவில் பிறந்த ரஸ்தஃபாரி சமயத்தாருக்கு அது நம்பிக்கை, மாறுவேடப் போட்டி இல்லை.

சோலைக் கேட்பது

சோலின் வேர் தேவாலயத்தில் இருக்கிறது. பாடகர் ஒரு வரி எடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள், கூட்டமும் சொல்ல வேண்டும். பஜனையில் முன்பாட்டு, பின்பாட்டு பழகியவர்கள் வெட்கப்படாமல் வாய்விட்டுப் பதில் கொடுக்கலாம். அமைதியாகக் கேட்கும் கூட்டம் இந்தக் கலைஞர்களைப் பதற்றப்படுத்தும்.

மூத்த பாடகர்கள் சுருதியை இறக்கித்தான் பாடுவார்கள். அரைக் கட்டை என்றால் தெரியாது, ஒரு கட்டைக்கு மேல் இறங்கினால் பாட்டின் நிறமே கொஞ்சம் இருண்டு கேட்கும். உச்சக் கள்ளக்குரல் இடங்களைப் பின்பாட்டுக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வார். இதைக் குறை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் ஒரு சொல்லைத் தாமதித்து வைப்பதையும் வரியை உடைத்துப் பேசுவதையும் தவறவிடுவீர்கள். வயது கொண்டுவந்த வித்தை அங்கேதான் இருக்கிறது.

கலைஞர் மேடைக்கு வரும் முன்பும், நடுவில் அவர் ஓய்வெடுக்கப் போகும்போதும் குழு மட்டும் ஓரிரு உருப்படி வாசிக்கும். கழிவறைக்கு ஓட அதுவே நேரம் என்று பாதி அரங்கு எழுந்துவிடும். பேஸும் டிரம்ஸும் கட்டவிழ்ந்து வாசிப்பது அந்த நிமிடங்களில்தான். வேறு நேரத்தில் போய் வாருங்கள். கடைசிப் பாட்டு முடிந்தாற்போல் நின்று மறுபடி கிளம்பும். ஒருமுறை இல்லை, மூன்று முறைகூட. முதல் நிறுத்தத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

கைதட்டல். இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது. தாளம் பழகிய கை ஒன்றிலும் மூன்றிலும் போய் விழும். சோலில் தட்ட வேண்டியது இரண்டிலும் நான்கிலும். வீட்டில் இப்படிப் பழகுங்கள்: ஒன்று, மூன்றுக்குக் காலைத் தரையில் தட்டுங்கள், இரண்டு, நான்குக்குக் கையைத் தட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். பெரிய அரங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 35 மீட்டர் தள்ளி இருப்பவர் தட்டுவது உங்களுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். அதைக் கேட்டு நீங்களும் தட்டினால் தாளம் இழுபடும். கூட்டத்தைக் கேட்காதீர்கள், டிரம்ஸ்காரரின் கையைப் பார்த்துத் தட்டுங்கள்.

காது

100 டெசிபெல் அளவில் பதினைந்து நிமிடம் பாதுகாப்பில்லாமல் இருப்பது, 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் இருப்பதற்குச் சமம். கச்சேரி தொண்ணூறு நிமிடம் ஓடும். மஞ்சள் நுரை அடைப்பான் மேல்சுருதியை அதிகமாக வெட்டிவிடுவதால் பாட்டு கம்பளிக்குள் கேட்பது போலிருக்கும். அதனால்தான் பலர் பாதியில் கழற்றிவிடுகிறார்கள். இசைக்காரர்களுக்கென்று விற்கும், எல்லாச் சுருதியையும் ஓரளவு சமமாக 15 முதல் 20 டெசிபெல் குறைக்கும் அடைப்பானை வாங்குங்கள். பிள்ளைகளுக்குத் தலையில் மாட்டும் காதுமூடிதான் சரி.

வெட்டவெளியில்

ஃபோர்ட் கேனிங் புல்வெளி சரிவானது. சப்பாத்து அணிந்து போங்கள், செருப்பு வழுக்கும். சரிவின் பின்பகுதியில் மேடை நன்றாகத் தெரியும், ஆனால் காற்று பேஸைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கலவை மேசைக்குச் சற்று முன்னால் பாயை விரிப்பது நல்லது. குடை விரித்தால் பின்னால் இருப்பவர் ஏசுவார். பல நிகழ்ச்சிகளில் அனுமதியும் இல்லை. மழையங்கி எடுத்துப் போங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்தத்தான் செய்வார்கள். பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்தக் கூடாது என்பதால், முடிந்த பிறகு மிச்சப் போத்தலோடு பூங்காவில் உட்கார வேண்டாம். எஸ்பிளனேடின் கடலோரத் திறந்தவெளி அரங்கில் நடக்கும் இலவச நிகழ்ச்சிகளுக்கு அரை மணி நேரம் முன்னால் போனால்தான் உட்கார இடம்.

பெரியவர்களை அழைத்துப் போனால்

இந்தப் பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் அப்பாவும் மாமாவும்தான். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் நடைபாதை ஓரம் எடுங்கள். மேல்மாடப் படிகள் செங்குத்து, இருட்டில் கைப்பிடி தேடுவது ஆபத்து. சக்கரநாற்காலி இடம் பல நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் தேர்ந்தெடுக்க வராது. சீட்டு விற்பவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். நின்று பார்க்கும் பகுதியை அவர்களுக்கு எடுக்கவே கூடாது. உட்கார்ந்து பார்க்கும் அரங்கிலும் மூன்றாம் பாட்டில் முன்வரிசை எழுந்து ஆட ஆரம்பிக்கும், பெரியவருக்கு மேடை மறையும். படி ஏறி இறங்கச் சிரமமில்லாத பெரியவர் என்றால் முதல் மாடத்தின் முன்வரிசையில் அந்தத் தொல்லை குறைவு; மின்தூக்கி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். குளிரூட்டி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை வேண்டும். தாமதமாகப் போனால் எஸ்பிளனேடில் பாட்டுக்கு இடையில்தான் உள்ளே விடுவார்கள்.

திரும்பும்போது

எஸ்பிளனேடிலிருந்து மழையில் நனையாமல் சிட்டி ஹால் நிலையம் வரை நிலத்தடிப் பாதையிலேயே நடந்துவிடலாம். உள்ளரங்கு முடிந்ததும் எல்லாரும் ஸ்டேடியம் நிலையத்துக்குத்தான் ஓடுவார்கள். கால் வலி இல்லாதவர்கள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து கிழக்கு மேற்குப் பாதையின் காலாங் நிலையத்துக்கோ, பாலம் தாண்டி 2024இல் திறந்த தஞ்சோங் ரூ நிலையத்துக்கோ போனால் வரிசை மிச்சம். கடைசி ரயில் பாதைக்குப் பாதை மாறும். மாறி ஏறும் இடத்தில் அடுத்த பாதையின் கடைசி ரயில் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரயிலைப் பிடித்துவிட்டு இரண்டாவதைத் தவறவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. நள்ளிரவு 12 தாண்டினால் டாக்சி மீட்டரின் மேல் 50 விழுக்காடு கூடும். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றால் 12க்குள் வண்டி ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் பக்கத்துப் பரோட்டாக் கடைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.